பிள்ளையைக் கிள்ளித் தொட்டிலை ஆட்ட வருகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பனை உள்ளடக்கிய எத்தெக்வினி மாநகரின் 111 வார்டுகளில் போட்டியிடக் கிளம்பியிருக்கும் வேட்பாளர்களுக்கும், அவர்கள் பெயரைப் பட்டியலில் ஏற்றும் கட்சித் தலைமைகளுக்கும்,

2025-இல் டர்பனின் அரசு மருத்துவமனை, கிளினிக் வாசல்களில் எந்த அதிகாரமும் இல்லாத ஆட்கள் நின்று அடையாள அட்டை கேட்டார்கள். அட்டை இல்லாதவர்களையும், அட்டை இருந்தும் பேச்சு வேறு மாதிரி இருந்தவர்களையும் திருப்பி அனுப்பினார்கள். உங்களில் சிலர் அங்கே போய் அவர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காததற்கு நடுநிலை என்று பெயர் வைத்துக்கொண்டீர்கள். இப்போது தேர்தல் நெருங்குகிறது. சென்ற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2021 நவம்பர் 1. ஐந்தாண்டு முடிந்து 90 நாளுக்குள் அடுத்தது நடந்தாக வேண்டும். இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கம் நீங்கள் நடத்தும் கூட்டங்களில் குழாய், குப்பை, தெருவிளக்கு என்ற சொற்கள் குறைந்துவிட்டன. 'வெளியாட்கள்' என்ற சொல் ஏறிவிட்டது. கோவில் திருவிழா மேடையில் ஏறி நம் இனம், நம் பகுதி என்று தொடங்குகிறவர்களும் அதே இடத்தில்தான் போய் முடிக்கிறார்கள். இதை ஆட்சேபித்தே இந்த மடலை எழுதுகிறோம்.

முதலில் ஒரு கவுன்சிலரின் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பேசுவோம். குடியேற்றம் மத்திய அரசின் உள்துறை இலாகா சம்பந்தப்பட்டது. ஒரு விசாவைக் கொடுக்கவோ ரத்து செய்யவோ, எல்லையில் ஒரு ஆளை நிறுத்தவோ கவுன்சிலருக்கு அதிகாரம் கிடையாது. அவர் தலைமையில் பத்துப் பேர் வரை உறுப்பினர்களாக இருக்கும் வார்டு குழு உண்டு. ஜூலை 1-இல் தொடங்கும் மாநகராட்சி நிதியாண்டுக்கான வரைவு வரவுசெலவுத் திட்டம் மார்ச் 31-க்குள் சபைக்கு வந்துவிடும். அதன்மேல் கருத்துச் சொல்ல, திருத்தம் கேட்க அவருக்கு இரண்டு மாதம் இருக்கிறது. குழாய் மாற்ற எவ்வளவு, குப்பை லாரிக்கு எவ்வளவு, சுகாதார ஆய்வாளர் பணியிடம் எத்தனை என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. அந்த இரண்டு மாதத்தில் உங்கள் கட்சி என்ன திருத்தம் கேட்டது என்று வார்டில் கேட்டால் பதில் வருவதில்லை. கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு, கையில் இல்லாத வேலையைச் செய்வதாக வாக்குக் கேட்கிறீர்கள்.

இதற்கென்று ஒரு செய்முறை இருக்கிறது. தண்ணீர் வராத வாரமாகப் பார்த்து, ஆத்திரம் அடங்குவதற்குள் கூட்டம் போட வேண்டும். காரணத்தை மாற்ற வேண்டும்: உடைந்த குழாயைச் சொல்லாமல், பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கும் மலாவிக்காரரைச் சொல்ல வேண்டும். ஆதாரம் இல்லாத ஒரு பெரிய எண்ணை வீச வேண்டும். 'மக்களே பொறுமை இழந்துவிட்டார்கள்' என்று சொல்லிவிட்டு, வாசலுக்கு வேறு ஆட்களை அனுப்ப வேண்டும். கைகலப்பு ஆனதும் சமாதானம் பேச நேரில் வர வேண்டும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதே வித்தைதான். இது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. டர்பனில் இது எங்கள் முன்னோர் மேல்தான் முதலில் செய்து பார்க்கப்பட்டது.

1896 டிசம்பர் 18 அன்று கூர்லாண்ட், நாதேரி என்ற இரண்டு கப்பல்கள் பம்பாயிலிருந்து இங்கே வந்தன. பம்பாயில் பிளேக் என்று காரணம் காட்டி, பயணிகளை இறங்க விடாமல் நிறுத்தி வைத்தார்கள். கரையில் வதந்தி ஓடியது: இந்தியர்களைக் கொண்டுவந்து கொட்டி, டர்பன் இருக்கும் பிரிட்டிஷ் காலனியான நேட்டாலை நிரப்பப் போகிறார்கள் என்று. கப்பலில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நேட்டாலில் தங்க வந்தவர்களே இல்லை, வேறு இடங்களுக்குப் போகிறவர்கள். அந்தக் கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. எதிர்ப்புக் குழு அமைந்தது, தொழில்வாரியாக ஆள் திரட்டப்பட்டது. 1897 ஜனவரி 13 அன்று பாயிண்ட் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். குழுவினரோடு முன்பே பேசி வைத்திருந்த நேட்டால் அரசின் தலைமை வழக்கறிஞர் ஹாரி எஸ்கோம்ப் கூட்டத்தின் முன்னால் வந்தார். கலைந்து போங்கள், சட்டமன்றம் பார்த்துக்கொள்ளும் என்றார். பயணிகள் இறங்கினார்கள். அன்று மாலை, கூர்லாண்டில் வந்திருந்த காந்தியைத் தெருவில் போட்டு அடித்தார்கள். காவல் கண்காணிப்பாளரின் மனைவி தன் குடையோடு குறுக்கே வந்ததால் உயிர் தப்பினார்.

அடுத்த மாதம் 15-ஆம் தேதி எஸ்கோம்ப் நேட்டாலின் பிரதமர் ஆனார். அதே ஆண்டு இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதவர் உள்ளே நுழையக் கூடாது என்றது. இன்னொன்று, கடை உரிமத்தை ஓர் அதிகாரி மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்றது. அக்டோபரில் எஸ்கோம்பின் பதவி போய்விட்டது, எட்டு மாதம்கூடத் தாங்கவில்லை. உரிமச் சட்டம் இருந்தது. புதுப்பிக்க மறுக்கப்பட்ட கடைகள் மூடிக்கொண்டே போயின.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1895-இல், ஒப்பந்தம் முடித்தும் ஊர் திரும்பாத கரும்புத் தோட்டத் தொழிலாளி ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். முதல் ஆண்டு ஒப்பந்தக் கூலி மாதம் பத்து ஷில்லிங். ஆறு மாதக் கூலி வரிக்கே சரியாகிவிடும். வருமானத்துக்காகப் போட்ட வரி அல்ல, விரட்டுவதற்காகப் போட்டது. 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 1914-இல்தான் அது ஒழிந்தது. நீங்கள் மாலை போடும் தில்லையாடி வள்ளியம்மையின் குற்றம் என்ன தெரியுமா? அனுமதிச் சீட்டு இல்லாமல் டிரான்ஸ்வாலிலிருந்து நேட்டால் எல்லையைக் கடந்ததுதான். இன்றைய மேடைப் பேச்சில் சொன்னால், 'ஆவணமற்றவர்'. மாரிட்ஸ்பர்க் சிறையில் நோய்ப்பட்டு, வெளியே வந்த சில நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் இறந்தார். அந்தப் படத்துக்குப் பூ வைத்த கையோடு கிளினிக் வாசலில் போய் நிற்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிடுவது நல்லது.

பிறகு 1927-இல் ஆளுக்கு இருபது பவுண்டு கொடுத்து எங்களை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றும் திட்டம். மதராஸில் இறங்கிய பலருக்கு அங்கே தெரிந்த முகமே இல்லை. 1948-இல் பதவிக்கு வந்த தேசியக் கட்சி எங்களை இந்த மண்ணோடு சேராத அந்நியர் என்றே சொல்லி வாக்குக் கேட்டது. 1949 ஜனவரியில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த டர்பன் கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். அதில் ஆப்பிரிக்கர்களே அதிகம். தூண்டிவிட்ட பேச்சுக்காரர்கள் வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. இந்தியர்களை இந்த நாட்டின் நிரந்தர மக்கள் என்று அரசு ஒப்புக்கொண்டது 1961-இல்தான், முதல் கப்பல் வந்து 101 ஆண்டு கழித்து.

இனி எண்களுக்கு வருவோம். கோடிக்கணக்கானோர் உள்ளே புகுந்துவிட்டார்கள் என்கிறீர்கள். 2022 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை 6 கோடியே 20 லட்சம். வெளிநாட்டில் பிறந்தவர்கள் 24 லட்சத்துக்குச் சற்று மேல், நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள் உண்டுதான். விடுபட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள், உங்கள் மேடை எண் அப்போதும் வராது. அரசு வீட்டையெல்லாம் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்பது இன்னொன்று. மானிய வீட்டுக்கு விண்ணப்பிக்கக் குடிமகனாகவோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும், குடும்ப வருமானம் மாதம் 3,500 ரேண்டுக்குள் இருக்க வேண்டும். ஆவணம் இல்லாதவர் பெயர் அந்தப் பட்டியலில் ஏறவே முடியாது. ஒரு வீடு வேறு கைக்குப் போயிருந்தால் அதைப் பெற்றவர் விற்றிருக்கிறார், அல்லது ஒதுக்கியவர் பணம் வாங்கியிருக்கிறார். இந்த இரண்டாவது ஆள் யார் என்பதை விசாரிக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு.

கடைகள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் புளுகு அதிகம். 2024 அக்டோபரில் ஜொஹானஸ்பர்க்கின் சொவெட்டோவில், நலேடியில் ஆறு குழந்தைகள் தின்பண்டம் சாப்பிட்டு ஒரே சமயத்தில் இறந்தன. நவம்பர் நடுப்பகுதிக்குள் நாடு முழுக்க இப்படி இறந்தவர்கள் குறைந்தது 22 பேர் என்று ஜனாதிபதி அறிவித்தார். உடனே சோமாலிக்காரர், எத்தியோப்பியர், வங்காளதேசத்தவர் நடத்தும் ஸ்பாசா என்ற தெருமுனைச் சிறு மளிகைக் கடைகள் மேல் பாய்ந்தீர்கள். நலேடியில் ஆய்வில் கிடைத்தது டெர்புஃபாஸ் என்ற பூச்சிமருந்து. பயிருக்கு மட்டும், கட்டுப்பாட்டோடு பயன்படுத்த வேண்டியது. வீட்டில் வைக்கவே கூடாது. இது எப்படித் தின்பண்டத்துக்கு வருகிறது? குப்பை வாரக்கணக்கில் அள்ளப்படுவதில்லை, எலி பெருகுகிறது. முறையான எலிமருந்து விலை கூடுதல். தெருவில் 'ஹாலெஃபிரிமி' என்று பொட்டலம் கட்டி, பெயர்ச்சீட்டு இல்லாமல், சில ரேண்டுக்கு விற்கிறார்கள். வாங்கியவர் கடையிலும் தூவுகிறார், வீட்டிலும் தூவுகிறார். சிப்ஸ் பொட்டலமும் மருந்தும் ஒரே அலமாரியில் இருக்கின்றன, மருந்தைத் தொட்ட கையாலேயே தின்பண்டத்தையும் எடுத்துக் கொடுக்கிறார்கள். குழந்தையின் எடைக்குச் சிறு துளியே போதும்: வாயில் நுரை, கண்பாவை சுருக்கம், வலிப்பு, மூச்சடைப்பு. கடைக்காரர் உள்நாட்டவராக இருந்தாலும் இதே ஆபத்துதான் என்று ஜனாதிபதியே அந்த உரையில் சொன்னார். இந்தச் சங்கிலியில் மூன்று கண்ணிகள் மாநகராட்சியின் பொறுப்பு: குப்பை அள்ளுவது, எலி ஒழிப்பு, கடை ஆய்வு. பத்தாயிரம் பேருக்கு ஒரு சுற்றுச்சூழல் சுகாதார ஆய்வாளர் வேண்டும் என்பது இந்த நாட்டின் விதிமுறை. உங்கள் வார்டில் எத்தனை பேர்? கடையை உடைத்தவர்களோடு போய் நின்றீர்களே, அன்று காலை குப்பை லாரி வந்ததா?

தண்ணீர்க் கதை சின்னது. எத்தெக்வினி வாங்கும் சுத்திகரித்த நீரில் பாதிக்கு மேல் காசாக மாறுவதில்லை. குழாய்க் கசிவு, பழுதான மீட்டர், கள்ள இணைப்பு, தவறான ரசீது, இவைதான் வழிகள். அழுத்தம் குறைக்கும் வால்வு கெட்டால் இரவில் பயன்பாடு குறையும்போது அழுத்தம் ஏறி, பழைய குழாய் வெடிக்கும். டோங்காட்டில் 2022 ஏப்ரல் வெள்ளம் சுத்திகரிப்பு நிலையத்தையே அடித்துக்கொண்டு போனபின் ஊர் மாதக்கணக்கில் டேங்கர் லாரியின் பின்னால் வாளியோடு நின்றது. அதில் எந்த ஸிம்பாப்வேக்காரருக்கும் பங்கில்லை.

கிளினிக் வாசலில் நடந்தது நோயாளிகளைத் துன்பப்படுத்தியதோடு நிற்காது. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டாம் மாதத்தில் ஒருவரைத் திருப்பி அனுப்பினால் பாதி மடிந்த கிருமி மறுபடி எழுகிறது, மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறலாம். அது மினிபஸ் டாக்ஸியில் பதினைந்து பேரோடு பயணம் செய்யும், யாருடைய அட்டையையும் பார்க்காது. எச்.ஐ.வி. மாத்திரை நின்றால் சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் ஏறிவிடும். சட்டமும் தெளிவாக இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மருத்துவ சேவை 'எல்லோருக்கும்' என்கிறது, 'குடிமக்களுக்கு' என்று சொல்லவில்லை. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எந்த நாட்டவராக இருந்தாலும் அவர்களுக்குச் சேவை இலவசம் என்று 2023 ஏப்ரலில் ஜொஹானஸ்பர்க் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 நவம்பரில் அதே நீதிமன்றம், வெளிநாட்டவருக்கு எதிராக இயங்கும் ஆப்பரேஷன் டுடுலா என்ற அமைப்பின் மேலான வழக்கில், கடவுச்சீட்டையோ அடையாள ஆவணத்தையோ காட்டச் சொல்லும் அதிகாரம் குடியேற்ற அதிகாரிக்கும் காவல்துறைக்கும் மட்டுமே உண்டு என்று சொல்லி, கிளினிக்கையும் பள்ளியையும் மறிப்பதற்குத் தடை விதித்தது. ஆவணம் இல்லாத பிள்ளையைப் பள்ளியிலிருந்து தள்ளக் கூடாது என்று மக்காண்டா நீதிமன்றம் 2019 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. உங்கள் கட்சிகளில் வழக்கறிஞர்களுக்குப் பஞ்சமில்லை. இது தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

வாசலில் ஆள் பிரிப்பது எப்படி நடக்கிறது என்பதையும் பாருங்கள். 2008 மே மாதம் வெளிநாட்டவர் மேல் தாக்குதல் நடந்தபோது ஜொஹானஸ்பர்க்கில் முழங்கைக்கு ஸூலு மொழியில் என்ன சொல் என்று கேட்டார்கள். 'இண்டொலொல்வானே' என்று வாயில் வராதவர் அந்நியர். அப்போது இறந்த 62 பேரில் 21 பேர் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள். அவர்களில் எல்லை மாகாணங்களிலிருந்து வந்தவர்களும் வேறு தாய்மொழிக்காரர்களும் உண்டு. மாகாணப் பெருமையை வாக்காக மாற்றும் கட்சிகள் இதை மறந்ததாக நடிக்கின்றன. 2015 ஏப்ரலில் நம் மாகாணத்திலேயே இதே வன்முறையில் உயிர்கள் போயின. நம் பகுதிகளில் முழங்கைக்கு ஸூலுச் சொல் தெரிந்த பெரியவர்கள் எத்தனை பேர்?

தமிழ் வேட்பாளர்களுக்குத் தனியாக ஒன்று. 'வேலையை அவர்கள் பறித்துக்கொண்டார்கள்' என்று நீங்கள் சொல்லும்போது முன்வரிசையில் கைதட்டுகிறவர்களில் சிலரின் பட்டறையிலும் கட்டட வேலையிலும் சமையலறையிலும் மலாவி, மொசாம்பிக் ஆட்கள்தான் வேலை செய்கிறார்கள். குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ரேண்டாக இருந்தது. அந்தக் கணக்கிலேயே வாரம் 45 மணி நேரத்துக்கு 1,295 ரேண்ட் வர வேண்டும். அது ஆவணம் இல்லாத தொழிலாளிக்கும் சேர்த்துத்தான். அவரும் தொழிலாளியே, அவருக்கும் பாதுகாப்பு உண்டு என்று தொழில் நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்துவிட்டது. தெரிந்தே ஆவணமற்றவரை வேலைக்கு வைப்பது வைத்தவர் செய்யும் குற்றம். முதல் முறையே ஓராண்டு வரை சிறை உண்டு. கூலி குறைவதற்குக் காரணம், குறைத்துக் கொடுத்தால் புகார் செய்ய மாட்டார் என்று முதலாளிக்குத் தெரிந்திருப்பதுதான். கிளினிக் வாசலில் அவரை மேலும் பயமுறுத்தினால் கூலி இன்னும் இறங்கும், உள்ளூர்க்காரர் வேலையும் சேர்ந்து போகும். உங்களுக்கு நன்கொடை தருகிறவர்களிடம் சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டதுண்டா?

எல்லையில் ஒழுங்கு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உள்துறை அலுவலகத்தில் லஞ்சம், பல ஆண்டுகள் இழுக்கும் அகதி விண்ணப்பம், போலிச் சான்றிதழ் எல்லாம் உண்மை. அவற்றுக்குப் பாராளுமன்றமும் அமைச்சரும் பொறுப்பு. அங்கே கேளுங்கள், நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

வேட்பாளர் பட்டியல் தேர்தல் ஆணையத்துக்குப் போவதற்கு முன், ஒவ்வொரு வேட்பாளரும் தன் பெயரில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்: பிறந்த நாட்டையோ, மொழியையோ, இனத்தையோ காட்டி வாக்குக் கேட்க மாட்டேன், கிளினிக், பள்ளி, கடை வாசலில் ஆவணம் கேட்கும் எந்தக் கூட்டத்திலும் நிற்க மாட்டேன் என்று. இதை மீறுகிறவரைப் பட்டியலிலிருந்து எடுப்போம் என்று கட்சித் தலைமை அதே தாளில் கையெழுத்திட வேண்டும். மேடையில் எண் சொல்கிறவர் அது எந்த ஆண்டின் எந்தக் கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது பதவியில் இருக்கும் கவுன்சிலர்கள் தங்கள் வார்டு கிளினிக்குக்கு ஒரு முறை நேரில் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சேவை இலவசம் என்ற அறிவிப்பு சுவரில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மாட்டச் செய்ய வேண்டும். வாசலை யாராவது மறித்தால் நிலையப் பொறுப்பாளரோடு சேர்ந்து காவல் நிலையத்தில் புகார் பதிந்து, வழக்கு எண்ணை வார்டு குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பக்க அறிக்கை வேண்டும்: வார்டில் பதிவான குழாய் உடைப்புகள், சரிசெய்ய ஆன நாட்கள், குப்பை லாரி தவறிய நாட்கள், சுகாதார ஆய்வாளர்கள் எத்தனை பேர், ஆய்வு செய்த கடைகள் எத்தனை, உரிமையாளர் யாராக இருந்தாலும். வரும் வரவுசெலவுத் திட்டத்தில் நீங்கள் கேட்கப்போகும் திருத்தங்களை ஏப்ரல் மாதத்திலேயே எழுத்தில் வெளியிடுங்கள்.

கூட்டங்களில் தமிழிலோ, ஆங்கிலத்திலோ, ஸூலுவிலோ பேசப்படும் சொற்களைத் தேதி, இடம், நேரத்தோடு நாங்கள் பதிவு செய்து வருகிறோம். தேர்தல் நடத்தை விதியை மீறினால் தேர்தல் நீதிமன்றம் இரண்டு லட்சம் ரேண்ட் வரை அபராதம் விதிக்கலாம், வேட்பாளரைத் தகுதிநீக்கமும் செய்யலாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இயங்கும் சமத்துவ நீதிமன்றத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, படிவம் நிரப்ப எழுத்தரே உதவுவார். கையெழுத்திட மறுக்கும் வேட்பாளர்களின் பெயர்களை வார்டு வாரியாக வெளியிடுவோம். எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
சட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் வார்டுகளின் தமிழ் வாக்காளர்கள் சிலர்